ஏரி ஒரே மழையில் நிரம்பாது

பீர்க்கன்கரணைக்காரர்களுக்கு ஓட்டம் புதிதில்லை. காலை நேரத்தில் பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். பீச் போகும் மின்சார ரயிலின் ஹாரன் கேட்டதும் டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கூட்டம் ஓடும். அதில் கல்லூரி மாணவியும் இருப்பார், ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருடம் மிச்சம் உள்ளவரும் இருப்பார். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின இரவுகளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் குழந்தையுடன் தென்மாவட்டப் பஸ்ஸைத் துரத்தியவர்களும் ஏராளம். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்த ஓட்டத்தில் பெரும்பகுதி தெற்கே நகர்ந்துவிட்டது.

ஆனால், இந்த ஊரில் இன்னோர் ஓட்டமும் உண்டு. பால் பாக்கெட் வரும் நேரத்தில், தெரு விளக்கு அணையும் முன்பு நடக்கும் ஓட்டம். ஷூ மாட்டியவர்களும் இருப்பார்கள், பழைய கான்வாஸ் மாட்டியவர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒரு சாராரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். கொஞ்ச தூரம் ஓடுவார்கள், நின்று முட்டியைத் தடவுவார்கள், மறுபடி ஓடுவார்கள். ஒரு காலத்தில் நன்றாக ஓடியவர்கள் அவர்கள். நடுவில் நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

ரயிலுக்கும் ஏரிக்கும் நடுவே

சென்னையிலிருந்து தெற்கே போகும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் பெருங்களத்தூர். அங்கே இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினால் கிழக்கே விரிவது பீர்க்கன்கரணை. கேட்டதும் பீர்க்கங்காயை ஞாபகப்படுத்தும் பெயர். வெகுகாலம் பேரூராட்சியாக இருந்த ஊர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளோடு இதுவும் அதில் சேர்ந்துவிட்டது.

வடக்கே இரும்புலியூர். கிழக்கே நெடுங்குன்றம். தெற்கே வண்டலூர், அங்கே 1985-ல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் அதன் காடும் 602 ஹெக்டேர் பரப்பில் கிடக்கின்றன. ரோட்டை ஒட்டியே இந்த ஊரின் பெயர் தாங்கிய ஏரி. தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால், கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று வானம் அகலமாகும் இடம் அதுதான்.

ஓடுவதற்கு என்று பார்த்தால் இங்கே மெரினா போல நீளமான கடற்கரைச் சாலை கிடையாது. இருப்பவை நகர்களும் குறுக்குத் தெருக்களும்தான். ஒரு நகரின் முதல் தெருவில் தொடங்கி கடைசித் தெரு வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று. வேகத்தடை, மாடு, கோலம் போடும் பெண்கள், வீட்டு வாசலில் நிற்கும் கார், தூங்கி எழுந்த தெருநாய் எல்லாவற்றையும் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். வேகமாக ஓட நினைப்பவர்களுக்கு இது தொல்லை. மறுபடி ஓடத் தொடங்குகிறவர்களுக்கோ இதைவிட நல்ல இடம் கிடையாது. இந்தத் தெருக்கள் யாரையும் வேகமாகப் போக விடாது.

பரணிலிருந்து இறங்கிய ஷூ

இப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது 44. ஐ.டி. கம்பெனியில் வேலை. மூன்று வருடம் முன்பு ஞாயிற்றுக்கிழமை தோறும் 10 கிலோமீட்டர் ஓடியவர். ஒருநாள் கணுக்கால் சுளுக்கியது. அது சரியாகும் முன்பே ஷிஃப்ட் மாறியது. மாமனாருக்கு ஆஸ்பத்திரி, மகளுக்குப் பத்தாம் வகுப்பு என்று மாதங்கள் போயின. இப்போது கம்பெனி மெடிக்கல் செக்கப்பில், மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.2 என்று வந்திருக்கிறது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசல் வரை வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

அன்று இரவே பரணில் கிடந்த ஷூ இறங்குகிறது. மனைவி சொல்கிறார்: “ஏங்க, முதல்ல கொஞ்ச நாள் நடங்களேன். ஓட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

“மூணு வருஷம் ஓடின காலு. மறந்தா போயிடும்?”

மறுநாள் காலை நேராக 5 கிலோமீட்டர். மூச்சு முட்டுகிறது. ஆனாலும் முடித்துவிடுகிறார். ஒரு வாரத்தில் மூச்சு கொஞ்சம் பழகுகிறது. இரண்டாம் வாரத்தில் பழைய வேகம் எட்டிப் பார்க்கிறது. மூன்றாம் வாரம், கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைத்ததும் குதிகாலுக்கு மேலே சுரீர் என்று ஒரு வலி. ஷூ மறுபடி பரணுக்குப் போகிறது.

பரணுக்கு முதல் தடவை போன ஷூவை இறக்குவது எளிது. இரண்டாம் தடவை போனதை இறக்குவதுதான் கஷ்டம். ‘நமக்கு இனிமே இதெல்லாம் ஒத்து வராது’ என்ற முடிவோடு போன ஷூ அது. வாசலில் நின்ற சர்க்கரை வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

அவர் தனி ஆள் இல்லை. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி என்றது அது. வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப்பட்ட 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. உணவுக் கட்டுப்பாட்டோடு, தினமும் குறைந்தது அரைமணி நேர வேக நடையைச் சொல்லிக் கொடுத்த பிரிவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவிகிதம் குறைந்தது. அந்த ஆய்வில் யாரையும் மாரத்தான் ஓடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விடாமல் நடந்தார்கள், அவ்வளவுதான்.

மூச்சு முந்தும், கால் பிந்தும்

அந்த 44 வயதுக்காரர் எங்கே தவறினார்? சோம்பலில் இல்லை, உற்சாகத்தில்.

ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது மூச்சுத் திறன். 1984-ல் அமெரிக்காவில் எட்வர்ட் காய்ல் என்ற ஆய்வாளரின் குழு, நன்றாகப் பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிப் பரிசோதித்தது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 21 நாளில் 7 சதவிகிதமும், 56 நாளில் 16 சதவிகிதமும் குறைந்தது. முதல் வாரங்களில் ரத்தத்தின் நீர் அளவு குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதைவிட ஆச்சரியமான ஆய்வு 1966-ல் டல்லாஸில் நடந்தது. 20 வயதுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய உடல் திறன் சரிந்திருந்தது. முப்பது வருடம் கழித்து, 50 வயதில் அதே ஐவரை மறுபடி அழைத்துப் பரிசோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிந்தது. பிறகு அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். 50 வயதில் அவர்களுடைய ஆக்சிஜன் திறன், 20 வயதில் படுக்கைக்குப் போகும் முன்பு இருந்த அளவுக்குத் திரும்பிவிட்டது.

ஆக, போன மூச்சு திரும்பி வரும். சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. மூச்சு வந்த வேகத்தில் கால் வராது. தசைக்கு நல்ல ரத்த ஓட்டம் உண்டு, அதனால் அது சீக்கிரம் தேறும். தசையை எலும்போடு கட்டும் தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது மெல்லத்தான் பலப்படும். எலும்பு, புதுச் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் காலடிகள். மூச்சு ‘இன்னும் போகலாம்’ என்று சொல்லும் மூன்றாம் வாரத்தில், குதிகால் தசைநார் இன்னும் முதல் வாரத்திலேயே நிற்கும்.

பீர்க்கன்கரணை ஏரியும் இதைத்தான் சொல்கிறது. கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரி மண்ணில் முதல் மழை விழுந்தால் தண்ணீர் நிற்காது. மண்ணே குடித்துவிடும். இரண்டு, மூன்று மழைக்குப் பிறகுதான் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். கலங்கல் வழிய ஐப்பசி, கார்த்திகை ஆகிவிடும். முதல் மழைக்கே ‘ஏரி ரொம்பிடுச்சா?’ என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை

நடந்துகொண்டே ஓடக் கற்கும் முறை உலகம் முழுக்கப் பிரபலம். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் அதற்கு நல்ல உதாரணம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். முதல் வாரத்தில் ஐந்து நிமிட வேக நடை. பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். ஒன்பதாவது வாரத்தில் நடுவில் நிற்காமல் அரைமணி நேரம்.

பீர்க்கன்கரணைத் தெருக்களில் இதற்குக் கடிகாரம்கூடத் தேவையில்லை. மின்கம்பம் போதும். இரண்டு கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை. அடுத்த வாரம் மூன்றுக்கு மூன்று. அதற்கடுத்த வாரம் நான்கு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம். யாரும் ஃபெயில் போட மாட்டார்கள்.

வேகத்துக்கும் எளிய அளவுகோல் உண்டு. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். “பால் காசு கொடுத்தாச்சா?” என்று கேட்க முடியாமல் மூச்சிரைத்தால் வேகம் அதிகம். முன்பு ஓடியவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. செல்போன் ஆப்பில் பழைய நேரம் அப்படியே பதிவாகி இருக்கும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடியவர் இப்போது ஒன்பது நிமிடம் எடுப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. முதல் மூன்று மாதம் அந்த ஆப்பைத் திறக்காமல் இருப்பது காலுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

வலியிலும் இரண்டு வகை உண்டு. தொடையும் ஆடுசதையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கடுத்து, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் அது தசை பழகும் வலி. ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்து, ஓடும்போது கூடினால் அது எச்சரிக்கை. ஓட்டத்தை நிறுத்தி டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டிய வலி.

பிள்ளையார் கொடுத்த பயிற்சி

காலுக்கு வலு சேர்க்க ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு போடும் தோப்புக்கரணம் தொடைக்கும் இடுப்புக்கும் அருமையான பயிற்சி. பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் தண்டாலோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்த பஸ்கியும் இதே குடும்பம்தான்.

நிறுத்தித் தொடங்குகிறவர் பத்துத் தோப்புக்கரணத்தில் ஆரம்பிக்கலாம். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். அதோடு, சுவரில் முதுகு சாய்த்து நாற்காலியில் உட்காருவதுபோல் அரை நிமிடம் நிற்பது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் மேலே தூக்குவது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் ஓய்வு விட்டுச் செய்தால் போதும்.

குதிகாலுக்கு மேலே வலித்த நம் 44 வயதுக்காரருக்கு வீட்டுப் படிக்கட்டிலேயே மருந்து இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரட்சன், ஓட்டக்காரர்களின் நாள்பட்ட குதிகால் தசைநார் வலிக்கு ஒரு பயிற்சியைச் சோதித்து 1998-ல் வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, வலியுள்ள காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே எழும்ப இன்னொரு காலைப் பயன்படுத்தலாம். முழங்கால் நேராக இருக்கும்போது 15 தடவை வீதம் மூன்று சுற்று, கொஞ்சம் மடக்கி இன்னொரு மூன்று சுற்று. தினமும் இரண்டு வேளை, 12 வாரம். அவருடைய ஆய்வில் இதைச் செய்த 15 பேரும் பழையபடி ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். மருத்துவரிடம் காட்டி, வலி எதனால் என்று தெரிந்துகொண்டு செய்வது நல்லது. இங்கே கவனிக்க வேண்டியது அந்த 12 வாரம். கிட்டத்தட்ட மூன்று மாதம்.

உற்சாகம் இங்கேயும் வினையாகும். முதல் நாளே நூறு தோப்புக்கரணம் போட்டவர், மறுநாள் ஸ்டேஷன் படியில் ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் கைப்பிடியைத் தேடுவார். தசை நீண்டபடியே சுமை தாங்கும் வேலை, ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதிகம். அதனால்தான் அந்தக் கடுப்பு. இது ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்க் குறையும். ஆனால் வலி தாங்க முடியாமல் இருந்து, சிறுநீரும் கட்டன் டீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது.

இரண்டு மூன்று மாதம் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநீர்மலைக்குப் போகலாம். மலைக்கோயில் படிகளில் ஏறுவது மூச்சுக்குப் பயிற்சி, இறங்குவது தொடைக்குப் பயிற்சி. குடும்பத்தோடு போனால் பெருமாள் தரிசனமும் ஆயிற்று.

சானடோரியம் சொல்லும் பாடம்

பெருங்களத்தூரிலிருந்து பீச் பக்கம் போகும் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன், தாம்பரம் சானடோரியம். தினமும் அந்தப் பெயரைக் கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் கதை தெரியும்?

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சிகிச்சை இல்லம் நடத்தியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. 1917-ல் கணித மேதை ராமானுஜன் உடல்நலம் குன்றியபோது அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். அந்த டாக்டர் பிறகு தாம்பரத்துக்கு வந்து 1928-ல் தொடங்கியதுதான் இந்த சானடோரியம். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்தக் காலத்து சானடோரியங்களில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு மூன்றும்தான் மருந்து. ஆனால், படுத்தே கிடந்தவரை மறுபடி வேலைக்கு அனுப்புவது எப்படி? இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் டாக்டர் மார்கஸ் பேட்டர்சன் இதற்கு ஒரு வழி கண்டார். நோயாளியை முதலில் கொஞ்ச தூரம் நடக்க வைத்தார். தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டினார். நன்றாக நடக்க முடிந்தவருக்குக் கூடையில் சுமை. அதற்குப் பிறகுதான் மண்வெட்டி. ஒவ்வொரு படியிலும் காய்ச்சல் எட்டிப் பார்க்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். வந்தால் மறுபடி ஓய்வு.

மருந்து வந்தபின் அந்த முறை பழங்கதை ஆகிவிட்டது. அதன் அடிப்படை மட்டும் பழசாகவில்லை. உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து, அதற்கு மேல் ஒரு பிடி மட்டும் கூட்டுவது. டெங்கு, கோவிட் என்று காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களுக்கு இன்றும் இதுதான் வழி. காய்ச்சல் விட்ட மறுநாளே ஷூ மாட்டக்கூடாது. ஓடும்போது நெஞ்சு வலி, படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஓட்டத்தைத் தொடங்கும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்வதும், தினமும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

குழந்தை பெற்ற பெண்களுக்கு இன்னும் பொறுமை தேவை. 2019-ல் பிரிட்டனைச் சேர்ந்த மூன்று பிசியோதெரபிஸ்ட்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், பிரசவத்துக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறது. நடக்கும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிந்தாலும், அடிவயிறு கனத்தாலும் அதை வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு ஓட்டம் எதற்கு என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. காலையில் அரைமணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்துவிட்டால், பாதிக் கிணறு தாண்டியது போல.

வயது தடையில்லை, வாகனம்தான் ஆபத்து

திரும்பி வந்து ஓடியவர்களுக்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. சென்னை மேயராக இருந்து, 2021-ல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா.சுப்பிரமணியன் 2004-ல் சாலை விபத்தில் சிக்கிக் காலில் பலத்த காயம் அடைந்தவர். சர்க்கரை நோயும் உண்டு. அதன் பிறகு ஓடத் தொடங்கியவர், 21.1 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தானை நூறு தடவைக்கு மேல் முடித்திருக்கிறார்.

இன்னும் பெரிய உதாரணம் பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங். இளம் வயதில் ஓடியவர், பல பத்தாண்டுகள் விட்டிருந்தார். மகனை இழந்த துயரத்துக்குப் பிறகு, 80 வயதைத் தாண்டி மறுபடி ஓடத் தொடங்கினார். 2011-ல் டொரன்டோவில் முழு மாரத்தானை முடித்தபோது அவருக்கு வயது 100 என்று சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் சொந்த ஊர் அருகே சாலையில் கார் மோதி இறந்தார். அத்தனை வருட முதுமையால் முடியாததை ஒரு வண்டி செய்துவிட்டது.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி வாழ்கிறவர்கள் மறக்கக் கூடாத செய்தி இது. ஏரியைப் பார்த்தபடி ரோட்டோரம் ஓட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் விடியற்காலை நேரத்தில் இரவெல்லாம் வண்டி ஓட்டிய டிரைவரின் கண்ணும் சொக்கும். உட்தெருக்களே பாதுகாப்பு. இருட்டில் வெளிர்நிறச் சட்டை, வண்டி வரும் திசையைப் பார்த்தபடி ஓட்டம், காதில் இயர்போன் இல்லாமல். கோடையில் ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். புதிதாக வெயிலில் இறங்கும் உடம்புக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நின்றால், அடியில் பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது. அன்று வீட்டுக்குள்ளேயே தோப்புக்கரணம் போதும்.

தனியாகத் தொடங்கியவர்கள் விடுவது அதிகம். கூட ஒருவர் வந்தால் எழுந்திருக்காமல் இருக்க முடியாது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையைக் குறித்ததும் இப்படிக் கூட்டம் சேர்க்கத்தான். பீர்க்கன்கரணையில் அதற்குக் கூட்டம்கூடத் தேவையில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் போதும்.

கார்த்திகையில் ஒரு காலை

அந்த 44 வயதுக்காரருக்குத் திரும்புவோம். குதிகால் வலி குறைந்து, இரண்டாம் முறை பரணுக்குப் போன ஷூவை ஆடி மாதத்தில் அவர் மறுபடி இறக்கினார் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தடவை மனைவி சொன்னபடி முதல் மூன்று வாரம் நடை மட்டும். பிறகு கம்பக் கணக்கு. வீட்டுப் படியில் காலையும் மாலையும் குதிகால் பயிற்சி. வழியில் தினமும் பார்க்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்.

“என்ன தம்பி, நல்லா ஓடுவீங்களே முன்ன. இப்ப நடந்துட்டு இருக்கீங்க?”

“கால் இன்னும் வரல சார். வந்துட்டு இருக்கு.”

ஆவணியில் நிற்காமல் பத்து நிமிடம். ஐப்பசியில் மழையால் ஒரு வாரம் போனது. முன்பு என்றால் விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் இரட்டிப்பாக ஓடியிருப்பார். இந்தத் தடவை ஒரு வாரம் பின்னுக்குப் போய் அங்கிருந்து தொடர்ந்தார். கார்த்திகையில் ஒரு காலை, நடுவில் நிற்காமல் அரைமணி நேரம். தூரம் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. மூன்று வருடம் முன்பு இதை அவர் ஓட்டத்தில் சேர்த்திருக்கவே மாட்டார்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினார். அதைப் பரணில் வைக்கவில்லை. வாசலில், செருப்புகளோடு வைத்தார். நாளை மறுநாள் மறுபடி வேண்டும்.

அன்று வேலைக்குப் போகும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் மெதுவாக நகர்ந்தது. ஜன்னலில் பீர்க்கன்கரணை ஏரி. இரண்டு மாத மழையை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்ட தண்ணீர், கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.